பெட்டிமுடி முதல் துருத்தி வரை: நிலைக்கும் வீடு யாருக்கு?



இடவப்பாதி மழை கொச்சியில் இறங்கும் ஒவ்வோர் ஆண்டும் நம் குடும்பங்களில் ஒரே காட்சியைக் காண்கிறோம். அரிசிச் சாக்கு கட்டிலின் மேல் ஏறுகிறது. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகமும், ஆதார் அட்டையும், வங்கிப் புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகின்றன. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் விரிசலுக்குக் கீழே ஒரு பாத்திரம், தகரக் கூரையின் ஆணி ஓட்டைக்குக் கீழே இன்னொரு பாத்திரம். சாக்கடையும் மழைநீரும் கலந்து வாசற்படியைத் தாண்டினால், அன்றைய இரவு யாருக்கும் உறக்கமில்லை. மழை இல்லாத நாளிலும் ஓதம் ஏறினால் உப்புநீர் தரையில் கசிகிறது. விடிந்ததும் அதே குடும்பத்தின் கொத்தனாரும் சித்தாளும் இந்த நகரத்தின் ஏதோ ஒரு மூலையில் பிறருக்கு உறுதியான வீடு கட்டப் புறப்பட்டுப் போகிறார்கள்.

சுள்ளிக்கல், கருவேலிப்படி, தோப்பும்படி வட்டாரத்தில் இந்த ஏட்டைக் கையில் எடுக்கும் பலருக்கு இது புதிய செய்தியல்ல. இதை நாம் இம்மாதத் தலையங்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கண்ணெதிரே, ஃபோர்ட் கொச்சித் துருத்தியில், 2025 செப்டம்பர் 27 அன்று இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. ஒன்று 11 மாடி, மற்றொன்று 13 மாடி. 394 ஏழைக் குடும்பங்களுக்கு வீடு. ராஜீவ் ஆவாஸ் யோஜனா என்ற மத்தியத் திட்டத்தின் பெயரால் தொடங்கி, அந்தத் திட்டமே முடிந்துபோன பிறகும் இழுபட்டு, ஆண்டுகள் பல கடந்து மாநகராட்சியும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் கட்டி முடித்த வீடுகள் அவை. தலைமுறை தலைமுறையாக ஒழுகும் கூரையின் கீழ் இருந்த நம் மலையாளத் தோழர்கள் அங்கே குடியேறுவதைக் கண்டு மகிழ்கிறோம். அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்கள் வெற்றி உழைக்கும் மக்களின் வெற்றி.

மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுகிறது. வெள்ளத்தாலோ, நிலச்சரிவாலோ, கடலேற்றத்தாலோ, அரசின் திட்டத்தாலோ வீடிழக்கும் குடும்பத்துக்கு நிலைத்து நிற்கும் வீடு கிடைப்பது எதைப் பொறுத்தது? சிமெண்டைப் பொறுத்தது என்பார் சிலர். பணத்தைப் பொறுத்தது என்பார் வேறு சிலர். கடந்த சில ஆண்டுகளில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இலங்கை மலையகத்திலும் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், சிமெண்டுக்கும் பணத்துக்கும் முன்னால் வேறொன்று நிற்கிறது. பட்டியலில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதே அது. கணக்கில் வராத குடும்பத்துக்குக் கூரையும் வருவதில்லை. இதுவே இத்தலையங்கம் சொல்ல வந்த செய்தி.

பெட்டிமுடியின் பாடம்

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறுக்கு அப்பால் இராஜமலையைத் தாண்டிய பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மீது மலை சரிந்து விழுந்தது. நாள்கணக்கில் பெய்த மழையில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகம் செய்தி அறிந்தது. 70 உயிர்கள் போயின. அவர்களில் நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். கயத்தாறில் இன்றும் அந்த வீடுகளின் உறவினர்கள் இருக்கிறார்கள். நம் வாசகர்களில் சிலருக்கும் அவர்கள் சொந்தம்.

லயம் என்றால் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்து வரிசை வீடு. ஓர் அறை, ஒரு அடுப்படி, ஒரு திண்ணை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட முதலாளியின் மேல் வைத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் விளைவாக வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். மூன்று நான்கு தலைமுறை அந்த மண்ணில் உழைத்தும் ஒரு சென்ட் நிலம்கூடத் தொழிலாளியின் பெயரில் இல்லை.

மலை சரிந்தபோது இதன் பொருள் விளங்கியது. வீட்டை இழந்தவர்கள் என்று சொல்ல அவர்கள் பெயரில் வீடே இல்லை. மூணாறுக்கு அருகே குட்டியார்வாலியில் அரசு நிலம் ஒதுக்கி, தோட்ட நிறுவனம் கட்டிக்கொடுத்த வீடுகள் 8 குடும்பங்களுக்குக் கிடைத்தன. எட்டே எட்டு. அந்த எட்டுக் குடும்பங்களுக்குக் கிடைத்ததை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் பெற்றோரை, உடன்பிறந்தாரை, பிள்ளைகளை அந்த மண்ணுக்குள் பறிகொடுத்த மற்றவர்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் மனுமேல் மனுவாக அலைந்தார்கள். நீதிமன்றத்தின் கதவையும் தட்டினார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றுக்குள் போயின. அங்கும் தோட்டத் தொழிலாளர்கள், அங்கும் பாடிகள் என்று அழைக்கப்படும் வரிசை வீடுகள். இந்தமுறை நாடே திரும்பிப் பார்த்தது. வீடிழந்தவர்கள் வாடகை வீட்டில் இருக்க அரசு மாதம் 6,000 ரூபாய் கொடுத்தது. கல்பற்றாவில் எல்ஸ்டன் தோட்டத்தின் நிலத்தை எடுத்துக்கொள்ள 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு 7 சென்ட் நிலம், 1,000 சதுர அடி வீடு. அந்தக் குடியிருப்பு வேண்டாம் என்போருக்கு 15 லட்சம் ரூபாய்.

இதைச் சொல்வது வயநாட்டுச் சகோதரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட அல்ல. அவர்களுக்குக் கிடைத்தது அவர்களின் உரிமை. தேயிலைத் தோட்டத்தின் நிலத்தை எடுத்து உழைத்தவனுக்குக் கொடுக்க அரசால் முடியும், ஏழைக்கு 1,000 சதுர அடியில் வீடு கட்ட முடியும், வீடு முடியும்வரை வாடகை கொடுக்க முடியும் என்று அங்கே நிரூபணமாகிவிட்டது. முடியும் என்றால், பெட்டிமுடிக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். வயநாட்டிலும் முதல் சண்டை பட்டியலைப் பற்றித்தான் நடந்தது. யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் விட்டுப்போனது என்று முறையீடுகள் எழுந்தன. கட்டம் கட்டமாகப் பட்டியல் விரிந்தது. குரல் கொடுத்த இடத்தில் பட்டியல் நீண்டது. தோழர்களே, இதை மறக்க வேண்டாம்.

எந்த மண்ணில் வீடு?

பெயர் சேர்ந்துவிட்டால் போதுமா? போதாது. அடுத்த கேள்வி மண்ணைப் பற்றியது.

நம் கொச்சிக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் போட, 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அந்தத் திட்டத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டவை மொத்தம் 316 குடும்பங்கள். பெரும் போராட்டம் நடந்தது. அடுத்த மாதமே அரசு புனர்வாழ்வுத் திட்டத்தை அறிவித்தது. மாற்று நிலம், வீடு முடியும்வரை வாடகை, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்றெல்லாம் உறுதி சொல்லப்பட்டது. முனையம் 2011இல் திறக்கப்பட்டுக் கப்பல்களும் வந்தன. குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட மாற்று நிலங்களில் பல சதுப்பைத் தூர்த்தவை. துதியூரில் வீடு கட்டியவர்களின் சுவர்கள் விரிந்தன, தரை இறங்கியது. ஆண்டுகள் பல கடந்தும் பெரும்பாலான குடும்பங்களால் அங்கே வீடு கட்டிக் குடியேற முடியவில்லை. காகிதத்தில் நிலம் கொடுத்தாகிவிட்டது. காலூன்ற இடம் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கதையும் இதுதான். சென்னையில் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் இருந்தவர்களை வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றி, 20 கிலோமீட்டருக்கும் அப்பால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தினார்கள். அந்த இடங்களோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சார்ந்தவை. மழைநீர் தேங்குவதற்கென்று இயற்கை ஒதுக்கிய நிலம். 2015 வெள்ளத்தில் அந்தப் பகுதிகள் நீருக்குள் நின்றன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கொண்டுபோய் வெள்ளத்திலேயே வைத்தார்கள். வேலையும் போயிற்று. வீட்டு வேலைக்கும் மார்க்கெட் சுமைக்கும் நடந்து போய்வந்த பெண்கள், கூலியில் பாதியைப் பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு அறுந்தது.

இலங்கை மலையகத்தின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அந்நாட்டின் கட்டட ஆராய்ச்சி நிறுவனமே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போக இடம் வரவில்லை. நாளாந்தக் கூலியில் வாழும் குடும்பம் லயத்தை விட்டு எங்கே போகும்? தப்பியவர்கள் இரண்டாண்டு தேயிலை ஆலைக்குள் முகாமில் கிடந்த பிறகு, 2016 அக்டோபரில்தான் 75 வீடுகள் கைக்கு வந்தன. அதன் பிறகும் மலையகத்தின் பெரும்பகுதி லயத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, பதுளை, கண்டி, நுவரெலியா மலைச்சரிவுகளில் நம் தொப்புள்கொடி உறவுகள் மறுபடியும் மண்ணுக்கடியில் போனார்கள்.

ஆகவே, எங்காவது ஒரு வீடு என்று நாம் கேட்கக் கூடாது. மண்ணைச் சோதித்துப் பார்த்த இடம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலான இடம், ஓதம் ஏறாத இடம், வேலைத்தளத்துக்கும் பள்ளிக்கும் எட்டும் இடம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சுவரைப் பற்றி நமக்குத் தெரியும்

அடுத்தது கட்டுமானம். இதைப் பற்றிப் பேச நம்மைவிடத் தகுதி உடையவர் யார்? கொச்சியின் மாடிகளில் எத்தனையோ நம் கை பட்டவை. கலவை எப்படி இருக்க வேண்டும், எங்கே கம்பியை மிச்சம் பிடிக்கிறார்கள், எப்போது நீராற்றாமல் விடுகிறார்கள் என்பது கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் தெரியும்.

காயல்நகரத்தில் கட்டடத்தின் முதல் எதிரி உப்பு. உப்பு கலந்த மணலோ நீரோ கலவைக்குள் போனால், அல்லது கம்பிக்கு மேல் கான்கிரீட் போதிய கனம் இல்லாவிட்டால், கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. வீங்கிய கம்பி கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஏழை வீட்டுக்கு மட்டும் நேரும் கதியல்ல இது. வைற்றிலாவில் இராணுவத்தினருக்காகக் கட்டி 2018இல் ஒப்படைக்கப்பட்ட சந்தர் குஞ்ச் குடியிருப்பின் இரண்டு பெரும் கோபுரங்களை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டும்படி 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழே ஆண்டு! படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் வாங்கிய வீட்டின் நிலை அதுவென்றால், கேட்பாரற்ற ஏழையின் வீட்டை யார் கண்காணிப்பார்கள்?

சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில், குடியேறிய கொஞ்ச நாளிலேயே, கையால் தொட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடிசை மாற்று வாரியக் கட்டடம் ஒன்று சரிந்து தரைமட்டமாயிற்று. முந்தைய நாளே விரிசலைக் கவனித்துக் குடியிருந்தவர்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதிகாரிகளுக்கு முன்னால் ஆபத்தைக் கண்டவர்கள் குடியிருந்த மக்களே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து முண்டம்வேலியிலும், பேரண்டூர் கால்வாய்க்கரை பி அண்ட் டி காலனியிலிருந்து 2023இல் மாற்றப்பட்ட குடும்பங்கள், புதிய வீட்டில் ஒழுகல் என்று முறையிட வேண்டியதாயிற்று.

நல்ல வீடு கட்டுவது பணக்கார வித்தையல்ல. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைச் செய்து காட்டினார். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் கல்லின் செலவு ஏறக்குறையக் கால்பங்கு குறைகிறது. நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடுவதில்லை. கொச்சியின் மண் அடியில் மிருதுவான கடற்களிமண். மாடி வீடென்றால் பைல் இறக்காமல் பயனில்லை. தரைமட்டம் உயர வேண்டும். அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரம் ஏறாத அடுக்கு வேண்டும். சாரல் அடிக்காமல் கூரை நீண்டு இறங்க வேண்டும். எதிரெதிர் சன்னல் வேண்டும். மாடி வீடானால் லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் நிற்காமல் ஓட, பராமரிப்புக்கு நிதி வேண்டும். அந்த நிதி யார் பொறுப்பு என்று முதல்நாளே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் ஆண்டில் 13ஆம் மாடிக்குத் தண்ணீர்க் குடத்தைச் சுமப்பவள் நம் வீட்டுப் பெண்தான்.

தற்காலிகக் கொட்டகை என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் தார் அட்டைக் கொட்டகைகளில் குடும்பங்களை வைத்தார்கள். பகலில் அடுப்பாக எரிந்தன, மழையில் குளமாயின. சில மாதம் என்று சொன்னது ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனால் அதே தமிழ்நாட்டில் பின்னர் கட்டப்பட்ட நிரந்தர வீடுகளுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை வழங்க முடிவெடுக்கப்பட்டது. அது பின்பற்றத்தக்க முன்மாதிரி.

நாம் எந்தக் கணக்கில் இருக்கிறோம்?

இப்போது நம் நிலையைப் பார்ப்போம். நம்மில் பலர் இங்கே வாடகைக் குடித்தனக்காரர். வாத்துருத்தியில் துறைமுகத்துக்கும் கடற்படைத் தளத்துக்கும் நடுவே ஒற்றை அறைகளில் அடைந்து கிடக்கும் நம் மக்களைக் கொச்சியில் அறியாதவர் இல்லை. மட்டாஞ்சேரியின் சந்துகளிலும் அதே நிலைதான். நாளை ஒரு கால்வாய்த் திட்டமோ, சாலை அகலப்படுத்தலோ, பெருவெள்ளமோ வந்தால் இழப்பீட்டுப் பட்டியலில் வீட்டுச் சொந்தக்காரர் பெயர் இருக்கும். பத்தாண்டு அங்கேயே அடுப்பெரித்த குடும்பத்தின் பெயர் இருக்குமா? அட்வான்ஸ் பணத்துக்கு ரசீது இல்லை, வாடகைக்குச் சீட்டு இல்லை, மின்கட்டண அட்டையில் பெயர் இல்லை.

கேரளத்தின் லைஃப் மிஷன் திட்டம் வீடற்றவருக்குப் பெரும் பணி செய்திருக்கிறது. ஆனால் அதன் பயனாளிப் பட்டியலுக்கு இம்மாநில ரேஷன் அட்டையே அடிப்படை. கடலேற்றத்தால் வாடும் செல்லானம் போன்ற கரைகளில், அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் மீனவக் குடும்பம் பாதுகாப்பான இடத்துக்கு மாற, புனர்கேஹம் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். அதே கரையில் வாடகைக்கு இருப்பவருக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டிலோ 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசையில் இருப்போருக்கு 360 சதுர அடியில் கான்கிரீட் வீடு கட்ட உதவுகிறது. கணக்கெடுக்க ஊருக்கு வரும் அலுவலர் நம் குடிசையின் பூட்டைத்தான் பார்க்கிறார். ஊரில் கேட்டால் அவர்கள் கொச்சியில் இருக்கிறார்கள் என்கிறார்கள். கொச்சியில் கேட்டால் இவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்கிறார்கள். இரண்டு மாநிலத்துக்கும் உழைப்பையும் பணத்தையும் கொடுத்துவிட்டு, இரண்டு பட்டியலிலும் இல்லாமல் நிற்கிறோம்.

ஊரில் ஒரு துண்டு நிலமாவது வைத்திருப்பவனுக்கு இங்கே எதற்கு வீடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்வோம். எல்லோருக்கும் இங்கே சொந்த வீடு வேண்டும் என்பது நம் கோரிக்கையல்ல. ஊருக்குத் திரும்ப நினைப்பவருக்கு ஊரில் வீடு வேண்டும். இங்கே வேலை செய்யும் காலத்துக்கு நியாயமான வாடகையில் ஒழுகாத குடியிருப்பு வேண்டும். இங்கேயே பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, இந்த மண்ணையே ஊராகக் கொண்ட பிள்ளைகளின் குடும்பத்துக்கு இங்கே உரிமை வீடு வேண்டும். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 2019இல் கேரள அரசு அப்னா கர் என்ற பெயரில் வெளிமாநிலத் தொழிலாளர் 620 பேர் தங்கும் விடுதியைத் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது தனியாக வந்த ஆண் தொழிலாளருக்கானது. மனைவி, பிள்ளை, வயதான தாயோடு வாழும் குடும்பத்துக்கு அத்தகைய வாடகைக் குடியிருப்பு கொச்சியில் ஏன் கூடாது?

சட்டத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், அழைத்து வரும் கான்ட்ராக்டர் தங்குமிடம் தர வேண்டும் என்றது. சொந்தக்காரர் பின்னால் பஸ் ஏறி வந்த நம்மில் பலர் அதன் வரம்புக்குள் வரவேயில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட சம்பள வரம்புக்குள் தாமாக வந்து வேலைக்குச் சேர்ந்தவரையும் புலம்பெயர் தொழிலாளி என்று ஏற்கிறது. அதே வேளையில் பழைய சட்டத்தில் இருந்த இடப்பெயர்வுப் படியும், கான்ட்ராக்டரின் தங்குமிடப் பொறுப்பும் அந்த வடிவில் தொடரவில்லை. ஒரு கையால் பெயரைச் சேர்த்து, மறு கையால் கூரையை எடுப்பதா என்று கேட்பது நம் கடமை.

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்க வேண்டாம். ஓர் அறையை எடுத்து, தடுப்புப் பலகை வைத்து, புதிதாக ஊரிலிருந்து வரும் தம்பிமாருக்கு இரட்டை வாடகைக்கு விடுபவர்களில் நம்மவர்களும் உண்டு. தண்ணீர் ஏறும் அறை என்று தெரிந்தே விடுகிறார்கள். வாடகைச் சீட்டைக் கேட்டால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார்கள். சங்கத்துக்கு வந்து பெயர் பதியச் சொன்னால், அடுத்த பொங்கலுக்கு ஊருக்குத்தானே போகிறோம் என்று சொல்லியே இருபது பொங்கலைக் கழித்த அண்ணன்மாரும் அக்காமாரும் நம்மில் இருக்கிறார்கள். இந்த மெத்தனம் ஒழிய வேண்டும்.

நம் கோரிக்கைகள்

கொச்சி மாநகராட்சியின் முன்னும், கேரள, தமிழ்நாடு அரசுகளின் முன்னும் நாம் வைப்பவை இவை:

1. வெள்ளமும் ஓதமும் ஏறும் வார்டுகளில், சொந்தக்காரர் வாடகைக்காரர் என்ற பேதமின்றி, உண்மையில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் மழைக்கு முன்னரே கணக்கெடுக்க வேண்டும். பட்டியலை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வார்டில் ஒட்ட வேண்டும். விட்டுப்போன பெயரைச் சேர்க்கக் காலக்கெடு தர வேண்டும்.

2. மாற்றுக் குடியிருப்புக்குத் தேர்ந்த நிலத்தின் மண் சோதனை முடிவையும் வெள்ள மட்டத்தையும் குடும்பங்களுக்குக் காட்டிய பிறகே ஒப்பம் கேட்க வேண்டும். பழைய இருப்பிடத்திலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகும் தூரம் கணக்கில் சேர வேண்டும்.

3. கட்டும் காலத்தில் பயனாளிக் குடும்பங்களின் குழு கட்டடத்தைப் பார்வையிட உரிமை வேண்டும். வெளி நிறுவனத்தின் தரச் சோதனைக்குப் பிறகே சாவி கைமாற வேண்டும். பராமரிப்பு நிதி முதல்நாளே ஒதுக்கப்பட வேண்டும்.

4. வீட்டுரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும் என்ற லய முறை, மலையிலும் நகரத்திலும் ஒழிய வேண்டும். பெட்டிமுடியில் உறவை இழந்த குடும்பங்களின் வீட்டுக் கோரிக்கை தீர்க்கப்பட வேண்டும்.

5. வீடு முடியும்வரை, வயநாட்டில் கொடுத்தது போல மாத வாடகை வழங்க வேண்டும். குடும்பமாக வாழும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு வாடகைக் குடியிருப்பு கட்ட வேண்டும்.

6. தமிழ்நாடு அரசு, கேரளத்தில் உழைக்கும் குடும்பங்கள் ஊரில் இல்லாத நாளில் கணக்கெடுப்பு நடந்தாலும் பெயர் விடுபடாதபடி, இங்கிருந்தே விண்ணப்பிக்க வழிசெய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. இம்மாதமே ஒவ்வொரு குடும்பமும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க முயல வேண்டும். பிள்ளையின் பள்ளிச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, கேஸ் புத்தகம் என்று இங்கே வாழ்ந்ததைக் காட்டும் எந்தத் தாளையும் எறிய வேண்டாம். நகலெடுத்துச் சங்க அலுவலகத்திலும் ஒன்று வையுங்கள். மழைநீர் எந்த அறையில் எவ்வளவு ஏறியது என்று தேதியோடு குறித்து வையுங்கள். தெருவுக்கு ஒருவராக நம் இளைஞர்கள் முன்வந்தால், அரசு எடுக்கும்வரை காத்திராமல் நாமே நம் கணக்கை எடுத்து வார்டு கவுன்சிலரின் கையில் கொடுக்கலாம். நாம் தயாரித்த கணக்கு கையில் இருந்தால், அலுவலகத்தில் நம் பேச்சுக்கு மதிப்பு வரும்.

இந்த மட்டாஞ்சேரிக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் துறைமுகத்தில் வேலை வேண்டி நின்ற கூட்டத்தின் நடுவே சாப்பா என்னும் தகட்டு வில்லையை வீசுவார்கள். முண்டியடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை; எடுக்க முடியாதவன் வீட்டில் அன்று பட்டினி. அந்த இழிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1953 செப்டம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டையும் அடக்குமுறையையும் எதிர்கொண்டார்கள். மூவர் உயிர் நீத்தார்கள். அவர்கள் பெயரை இந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு, வேலை என்பது வீசியெறியும் வில்லையல்ல, வரிசைப்படி வரவேண்டிய உரிமை என்று ஆயிற்று.

வீட்டுப் பட்டியலும் அப்படித்தான் ஆக வேண்டும். தெரிந்தவனுக்கும் கெஞ்சியவனுக்கும் வீசப்படும் வில்லையாக அது இருக்கக் கூடாது. மலையாளத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு எடுக்கும் நிலையும் வரக் கூடாது. துருத்தியில் வீடு பெற்றவர்களும், பெறக் காத்திருப்பவர்களும், பட்டியலிலேயே இல்லாத நாமும் ஒரே மழையில் நனைந்தவர்கள். ஒன்றாக நின்று கேட்போம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். கையில் உள்ள தாள்களையும் கொண்டு வாருங்கள். கணக்கை அங்கேயே தொடங்குவோம்.

— ஆசிரியர் குழு